வீட்டு போர்டிகோவில் காரைத் தூக்கி வேலை பார்ப்பது எப்படி? ஜாக்கி, ஸ்டாண்ட், கட்டை: முழு வழிகாட்டி

பிரேக் பேட் மாற்றுவது, இன்ஜின் ஆயில் இறக்குவது, சைலன்சர் கிளாம்பை இறுக்குவது எல்லாம் கொஞ்சம் பொறுமையும் ஒரு நல்ல ஸ்பானர் செட்டும் இருந்தால் வீட்டிலேயே முடிகிற வேலைகள். ஒவ்வொன்றுக்கும் தமிழிலேயே வீடியோ கிடைக்கிறது. ஆனால் பல வீடியோக்களில் கார் ஏற்கெனவே தூக்கித்தான் நிற்கும். அதை எப்படித் தூக்கினார்கள், எதன்மேல் நிறுத்தினார்கள், அடியில் போவதற்கு முன் எதைப் பார்த்தார்கள் என்று சொல்வதில்லை. உயிர் சம்பந்தப்பட்ட வேலை அதுதான். அதை மட்டும் இங்கே முழுசாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு. ஸ்விஃப்ட் அளவிலான ஹேட்ச்பேக் கார் சுமார் 900 கிலோ இருக்கும். இன்ஜினும் கியர்பாக்ஸும் முன்னால் இருப்பதால் மொத்த எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்பக்கம்தான்; அதாவது 540 கிலோ. முன்பக்கத்தை இரண்டு ஸ்டாண்டில், அதாவது ஏற்றிய காரைத் தாங்கும் இரும்புக் கால்களில், வைத்தால் ஆளுக்கு 270 கிலோ. கடையில் கிடைக்கிற சின்ன ஸ்டாண்டிலேயே 2 டன் என்று எழுதியிருக்கும். அப்புறம் ஏன் கார் விழுகிறது?

எடை தாங்காமல் நொறுங்கி விழுவது அபூர்வம். கார் முதலில் நகர்கிறது. முன்னேயோ பின்னேயோ பக்கவாட்டிலோ ஓர் அங்குலம் நகர்ந்தால் போதும், அடியில் இருக்கிற ஜாக்கி சாயத் தொடங்கும். சாய்ந்த பிறகு அதில் எத்தனை டன் எழுதியிருந்தாலும் பயனில்லை. ஆகவே இந்த வேலை முழுக்கவே காரை நகரவிடாமல் நிறுத்துகிற வேலைதான். கீழே சொல்லும் ஒவ்வொரு படியையும் அந்தக் கண்ணோடு படியுங்கள்.

ஜாக்கி எதற்கு, ஸ்டாண்ட் எதற்கு

ஜாக்கி காரை மேலே ஏற்றும். ஏறிய காரைத் தாங்குவது ஸ்டாண்டின் பொறுப்பு. ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் காரின் அடியில் கையோ காலோ தலையோ போகக் கூடாது. "ஒரு நிமிஷ வேலைதானே" என்பதற்கும் இதே பதில்தான்.

காரோடு டிக்கியில் வரும் சிசர் ஜாக்கி திருகு முறையில் ஏறுவது. அதன் மரை தானாகப் பின்னால் சுற்றாது, எனவே மெல்ல இறங்கிவிடும் பயம் குறைவு. ஆனால் அதன் அடித்தட்டு ஏறத்தாழ உள்ளங்கை அகலம்தான். அந்தத் தட்டின்மேல் ஒரு அடி உயரத்துக்குக் காரின் ஒரு மூலை நிற்கும்போது, பக்கத்தில் இருந்து ஒரு தள்ளு போதும். பஞ்சர் ஆனால் ஸ்டெப்னி மாற்றுவதற்குத்தான் கம்பெனி இதைக் கொடுக்கிறது. ஜாக்கியின் மேலேயே பெரும்பாலும், காரின் அடியில் போகாதே என்று படம் போட்டு ஒட்டியிருப்பார்கள்.

சக்கரத்தில் உருளும் டிராலி ஜாக்கி, பாட்டில் மாதிரி நிமிர்ந்து நிற்கும் பாட்டில் ஜாக்கி இரண்டும் ஹைட்ராலிக். டிராலி ஜாக்கியின் அடி அகலமாக, பார்க்கவே தெம்பாக இருக்கும். ஆனால் காரைத் தாங்கி நிற்பது உள்ளே இருக்கும் எண்ணெயின் அழுத்தம். அந்த எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பவை ஒரு ரப்பர் சீலும் ஒரு சின்ன வால்வும். சீல் காய்ந்துபோனாலோ, வால்வு உட்காரும் இடத்தில் ஒரு தூசி சிக்கினாலோ ஜாக்கி இறங்கும். சில சமயம் கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல இறங்கும், சில சமயம் ஒரே அடியாக இறங்கும். ஆக, சிசர் ஜாக்கி சாயும். ஹைட்ராலிக் ஜாக்கி இறங்கும். இரண்டுக்கும் மாற்று இரும்புக்கு இரும்பு பூட்டி நிற்கிற ஸ்டாண்ட்தான்.

என்னென்ன வேண்டும்

ஸ்டாண்ட் ஒரு ஜோடி. ஹேட்ச்பேக், செடான் கார்களுக்கு 2 அல்லது 3 டன் போதும். லேபிளில் எழுதியிருப்பது ஒரு ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கா என்று படித்துப் பாருங்கள். சில கம்பெனிகள் ஜோடிக்குச் சேர்த்துத்தான் போடுகின்றன. எனக்குக் கேட்டால் டன்னைவிட அடிக்கால்களின் அகலத்தைத்தான் முதலில் பார்ப்பேன். ஒரே விலையில் இரண்டு இருந்தால், கால்கள் அகன்றிருப்பதை எடுங்கள்.

ஸ்டாண்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தண்டில் ஓட்டை போட்டு குறுக்கே கனமான இரும்புப் பின் செருகுவது. இன்னொன்று, தண்டில் பல் வெட்டி, கைப்பிடியோடு இணைந்த கொக்கி அந்தப் பல்லில் விழுந்து பூட்டுவது. பின் வகையில் உயரத்தை நமக்கு வேண்டியபடி நுணுக்கமாக வைக்க முடியாது, ஆனால் பூட்டியிருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துவிடலாம். பல் வகை வசதியானது, ஆனால் கொக்கி முழுசாக விழுந்ததா என்று ஒவ்வொரு தடவையும் சோதிக்க வேண்டும். 2020-ல் அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரெய்ட் என்ற பெரிய கடைச் சங்கிலி, தான் விற்ற பிட்ஸ்பர்க் பிராண்ட் ஸ்டாண்டுகளை லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது. தயாரிப்பு அச்சுகள் தேய்ந்துபோனதால் சில ஸ்டாண்டுகளில் கொக்கியும் பல்லும் ஆழமாகக் கவ்வவில்லை. எடை அசையும்போது தண்டு நழுவி இறங்கக்கூடும் என்பதுதான் காரணம். மாற்றாகக் கொடுத்த ஸ்டாண்டுகளில் சிலவற்றிலும் வெல்டிங் குறை இருந்து, அதே வருடம் அவற்றையும் திரும்பப் பெற்றார்கள். இதைச் சொல்வது எந்தப் பிராண்டையும் நம்பாதீர்கள் என்பதற்காக இல்லை. பல் வகையில் கூடவே ஒரு பாதுகாப்புப் பின்னும் செருகும்படி வருகிற மாடல்கள் இருக்கின்றன. கொஞ்சம் காசு கூடினாலும் அதையே வாங்குங்கள்.

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் கையில் தூக்கிப் பார்த்தே வாங்கலாம். புதுப்பேட்டையில் பழைய டிராலி ஜாக்கி மலிவாகக் கிடைக்கும். ஜாக்கியைப் பழசாக வாங்கினாலும், ஸ்டாண்டைப் புதிதாக வாங்குங்கள். தெரிந்த பட்டறையில் பைப்பை வெட்டி வெல்டிங் அடித்து ஸ்டாண்ட் செய்து தரச் சொல்கிறவர்கள் உண்டு. வெல்டிங் மேலே பளபளவென்று இருக்கும்; உள்ளே பிடித்திருக்கிறதா என்பது வெளியில் இருந்து தெரியாது. வேண்டாம்.

சக்கரத்துக்குப் போடும் கட்டைகள் நான்கு. இதைக் கடையில் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. மரக்கடையில் 4 அங்குலத்துக்கு 4 அங்குலம் வேங்கை மாதிரி கனமான மரத்தில் ஒரு துண்டு வாங்கி, தச்சரிடம் கொடுத்து மூலைவாட்டில் அறுக்கச் சொன்னால் ஆப்பு வடிவில் கிடைக்கும். லாரி கிளீனர்கள் மேட்டில் வண்டி நின்றதும் இறங்கி ஓடி முதலில் செய்கிற வேலை கட்டை போடுவதுதான். கார்க்காரர்கள் நாம் அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளவே இல்லை.

இவற்றோடு இரண்டடிக்கு இரண்டடி, 18 மி.மீ. கனமுள்ள பிளைவுட் துண்டுகள் இரண்டு மூன்று, ஜாக்கியின் தலைக்கு நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் பேட், ஒரு நல்ல டார்ச் லைட், கையுறை. அவ்வளவுதான்.

எந்தத் தரையில்

நல்ல சிமென்ட் தரை, மட்டமாக இருந்தால் முதல் தரம். ஆனால் நம் வீட்டு போர்டிகோக்கள் மட்டமாக இருக்காது. மழைத் தண்ணீர் வெளியே ஓடட்டும் என்று கொத்தனார் கேட்டைப் பார்த்து வாட்டம் கொடுத்திருப்பார். 15 அடி நீளத்தில் 3 அங்குல வாட்டம் என்று வையுங்கள். 900 கிலோ கார் அதில் நிற்கும்போது சரிவை நோக்கி 15 கிலோ விசையோடு எந்நேரமும் தள்ளிக்கொண்டே இருக்கிறது. கட்டை போட்டால் இது சமாளிக்கக்கூடிய அளவு. அதே கார் கேட்டுக்கு வெளியே, 6 அடிக்கு 1 அடி வீதம் ஏறும் சரிவில் நின்றால் அந்தத் தள்ளு ஏறக்குறைய 150 கிலோ. அங்கே எந்தக் கட்டையும் போட்டு எந்த வேலையும் செய்யாதீர்கள். சந்தேகம் இருந்தால் ரசமட்டத்தை நான்கு சக்கரத்துக்குப் பக்கத்திலும் வைத்துப் பாருங்கள். காரின் இரண்டு பக்கங்களுக்கு இடையே, அதாவது குறுக்குவாட்டில், சரிவு இருந்தால் இன்னும் ஆபத்து. சக்கரக் கட்டை அந்தத் திசையில் எதையும் தடுக்காது.

போர்டிகோவில் டைல்ஸ் ஒட்டியிருந்தால் அடியில் சிமென்ட் முழுசாகப் பரவியிருக்காது, உள்ளே வெற்றிடம் இருக்கும். ஸ்டாண்டின் கால் முனை சரியாக அங்கே உட்கார்ந்தால் டைல் பொட்டென்று உடையும். பேவர் பிளாக் தரையில் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக அமுங்கும். இரண்டுக்கும் பிளைவுட் போட்டு எடையைப் பரப்புங்கள். கடப்பா கல், கிரானைட் துண்டு இவற்றைப் பிளைவுட்டுக்குப் பதிலாகப் போடக் கூடாது. வளையாது, முன்னறிவிப்பு இல்லாமல் இரண்டாகப் பிளக்கும். மண் தரையில், அதுவும் மழை பெய்த மறுநாள், இந்த வேலையே வேண்டாம். தார் ரோடு மத்தியான வெயிலில் இளகும். ஸ்டாண்டின் கால் அதில் புதையும்.

செங்கல், ஹாலோ பிளாக், சிமென்ட் கல் இவற்றின்மேல் காரை நிறுத்துவது நம் ஊரில் சர்வசாதாரணம். சுவரில் இவை தாங்குகின்றன என்றால், அங்கே எடை மேற்பரப்பு முழுக்கப் பரவியிருக்கிறது. காரின் விளிம்பு ஒரு கோடாகத்தான் அழுத்தும். அந்த இடத்தில் விரிசல் விட்டால் கல் மெல்ல அமுங்காது, ஒரே நொடியில் தூளாகும். மரம் அப்படியில்லை, முதலில் கிறீச்சிடும், நசுங்கும், நமக்கு நேரம் கொடுக்கும்.

நகராமல் பூட்டுவது

ஹேண்ட் பிரேக் போட்டாயிற்று, கியரில் விட்டாயிற்று, அப்புறம் என்ன என்று பலர் நினைப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் ஊர்க் கார்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால், பிடித்திருப்பது காற்றில் நிற்கும் சக்கரங்களை; தரையில் இருக்கும் முன்சக்கரங்களுக்கு அதனால் எந்தத் தடையும் இல்லை. முன்சக்கர டிரைவ் காரில் முதல் கியரில் விட்டால் முன்சக்கரங்கள் இன்ஜினோடு பூட்டிக்கொள்ளும், உண்மைதான். ஆனால் முன்சக்கரங்களில் ஒன்றை மட்டும் தூக்கிவிட்டால் அந்தப் பூட்டும் போய்விடும். நடுவில் இருக்கிற டிஃபரன்ஷியல் என்ற கியர் தொகுதி, தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் உள்ள சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்ற இடம் கொடுத்துவிடும். அப்போது காரைப் பிடித்திருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும்தான்.

இன்னொன்று: பின்பக்க டிரம்மைக் கழற்ற, பின்பக்க டிஸ்க்கில் பேட் மாற்ற, ஹேண்ட் பிரேக்கை நாமே விடுவிக்க வேண்டிவரும். பட்டன் ஹேண்ட் பிரேக் உள்ள கார்களில் சர்வீஸ் மோடில் போட்டாலும் அதே கதைதான். மாருதியின் ஏ.ஜி.எஸ். (கிளட்ச் பெடல் இல்லாத, கியர் தானே மாறும்) கார்களில் 'பி' (பார்க்கிங்) நிலையே கிடையாது. கியரில் விட்டுத்தான் இன்ஜினை அணைக்க வேண்டும்.

ஆகவே எந்த வேலையானாலும், தரையில் நிற்கப்போகிற இரண்டு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை. டயரோடு ஒட்டி, காலால் ஒரு தட்டு தட்டி இறுக்குங்கள். கட்டை போட்டு முடித்த பிறகுதான் ஜாக்கியைக் கையில் எடுக்க வேண்டும். சாவியை எடுத்து உங்கள் பாக்கெட்டில் போடுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கார்க் கதவு பூட்டியிருக்கட்டும்.

எங்கே தூக்குவது, எங்கே தாங்குவது

கதவுகளுக்குக் கீழே, காரின் நீளவாக்கில் தகடு மடித்து வெல்டிங் செய்த விளிம்பு ஓடும். முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் அந்த விளிம்பில் ஒவ்வோர் இடத்திலும் அடுத்தடுத்து இரண்டு சின்ன வெட்டுகள் இருக்கும். விரலால் தடவினாலே தெரியும். அந்த இரண்டு வெட்டுக்கும் நடுவில் உள்ள பகுதிக்குத்தான் உள்ளே கூடுதல் தகடு கொடுத்திருக்கிறார்கள். ஒரு சாண் தள்ளி வைத்தால் தகடு மடங்கும், சில கார்களில் உள்ளே குழிந்தும் போகும்.

இங்கேதான் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு குழப்பம் வரும்: ஜாக்கி அந்த இடத்தில் நின்றால் ஸ்டாண்டை எங்கே வைப்பது? பதில் ஓனர்ஸ் மேனுவலில் இருக்கிறது. மாருதி சுசுகி உட்படப் பல கம்பெனிகள் ஸ்டெப்னி மாற்றும் ஜாக்கிக்கு ஒரு படமும், டிராலி ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் தனியாக இன்னொரு படமும் போட்டிருக்கும். முன்பக்கம் நடுவில் இன்ஜினைத் தாங்கும் கனமான குறுக்குச் சட்டத்தில் தூக்கலாம் என்று உங்கள் மேனுவல் சொன்னால் அதுதான் சுலபம். ஒரே தூக்கில் இரண்டு முன்சக்கரமும் ஏறும், வெட்டு உள்ள இடங்கள் ஸ்டாண்டுக்குக் காலியாக இருக்கும். மேனுவல் சொல்லாத இடத்தில் ஊகத்துக்குத் தூக்காதீர்கள். ஆயில் சம்ப் (இன்ஜின் ஆயில் தேங்கும் அடித்தொட்டி), கியர்பாக்ஸ் அடிப்பாகம், ரேடியேட்டருக்குக் கீழே உள்ள பட்டை, தரைத் தகடு, சைலன்சர் இவை எதுவும் எடை தாங்குவதற்குச் செய்தவை அல்ல.

கடற்கரை ஊர்க் கார் என்றால் இன்னொரு வேலையும் உண்டு. அந்த விளிம்பு உப்புக் காற்றில் உள்ளிருந்து அரித்திருக்கும். அண்டர்பாடி கோட்டிங் அடித்திருந்தால் அரிப்பு வெளியே தெரியாது. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டாலோ, துரு உதிர்ந்தாலோ அந்த இடத்தை நம்பாதீர்கள்; லிஃப்ட் உள்ள ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள்.

தூக்குவது

சக்கரத்தைக் கழற்றப்போகிறீர்கள் என்றால், கார் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைக் கால் சுற்று தளர்த்திவிடுங்கள். வேறு முரட்டு போல்ட் எதுவும் வேலையில் இருந்தால் முதல் நாள் சாயங்காலமே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வையுங்கள். கார் மேலே நிற்கும்போது நீளமான ராடு போட்டு இழுப்பதைவிடக் காரைத் தள்ளுவதற்கு நல்ல வழி வேறில்லை.

டிராலி ஜாக்கியின் கை நேராக மேலே போவதில்லை, வளைவாகப் போகிறது. தலை ஏற ஏற, கைப்பிடி இருக்கும் பக்கமாகச் சற்று நகரும். கார் கட்டையோடு நிற்பதால் நகராது. ஆகவே ஜாக்கிதான் தன் சக்கரங்களில் உருண்டு காருக்கு அடியில் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். அதற்காகத்தான் அதற்குச் சக்கரமே. ஜாக்கியின் சக்கரம் பேவர் பிளாக் இடுக்கிலோ ஒரு சின்ன ஜல்லியிலோ சிக்கினால், உருள முடியாமல் தலை காரின் விளிம்பில் வழுக்கத் தொடங்கும். எனவே ஜாக்கிக்கு அடியில் தரையைப் பெருக்குங்கள். பிளைவுட் போட்டால் ஜாக்கி உருள முன்னும் பின்னும் இடம் விட்டுப் போடுங்கள். கைப்பிடியை நான்கைந்து தடவை அடித்ததும் நிறுத்தி, குனிந்து, தலை இன்னும் அதே இடத்தில் நடுவாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மறுபடி அடியுங்கள். தலையின் ஓரத்துக்கு வந்துவிட்டது என்றால் இறக்கி, முதலில் இருந்து வையுங்கள்.

தேவைக்கு மேல் தூக்காதீர்கள். பேட் மாற்ற டயர் தரையை விட்டு இரண்டு அங்குலம் ஏறினால் போதும். ஒவ்வோர் அங்குலம் ஏறும்போதும் கார் சாய்வதற்கு வழி கூடுகிறது.

ஸ்டாண்டில் உட்கார வைப்பது

ஸ்டாண்டைக் கைநீட்டி உள்ளே தள்ளுங்கள். உடம்பை நுழைக்க வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கைப் பல்லில் வையுங்கள். கொக்கி வகையாக இருந்தால், தண்டைத் தூக்கும்போது கேட்கும் 'டக்' சத்தத்தோடு விட்டுவிடாதீர்கள். கைப்பிடியைக் கீழே நன்றாக அழுத்தி, தண்டைக் கையால் கீழ்நோக்கித் தள்ளிப் பாருங்கள். டார்ச் அடித்துக் கொக்கி பல்லின் அடிவரை போயிருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்புப் பின் இருந்தால் செருகுங்கள்.

ஸ்டாண்டின் தலை காரின் விளிம்புக்கு நேராக, நடுவில் இருக்க வேண்டும். தலைக்கும் காருக்கும் நடுவில் ரப்பர் பேட் வைக்கலாம். உயரம் போதவில்லை என்று மரத்துண்டு, ஓட்டுத்துண்டு எதையும் வைக்காதீர்கள். இப்போது ஜாக்கியின் வால்வை மிக மெல்லத் திறந்து காரை ஸ்டாண்டின்மேல் இறக்குங்கள். எடை ஏறும்போது ஸ்டாண்டின் கால்கள் அனைத்தும் தரையில் பதிகின்றனவா என்று பாருங்கள். ஒரு கால் தூக்கி நின்றால் மறுபடி ஏற்றிச் சரிசெய்ய வேண்டும்.

ஒவ்வொரு பக்கமாகத் தூக்குகிறீர்கள் என்றால், இரண்டாவது பக்கம் ஏறும்போது முதல் ஸ்டாண்ட் எந்த நிலைக்குப் போகிறது என்று கவனியுங்கள். கார் குறுக்கே சாய்வதால் அந்த ஸ்டாண்டும் சேர்ந்து சாயப் பார்க்கும். இடது பக்கம் குறைந்த உயரத்தில் ஒரு தடவை, வலது பக்கம் ஒரு தடவை, பிறகு இடது, பிறகு வலது என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் இது வராது.

அடுத்து வருவது எல்லாவற்றிலும் முக்கியமானது. காரை ஆட்டிப் பாருங்கள். எதிரே நின்று, கால்களை அகட்டி ஊன்றி, ஃபெண்டரில் (சக்கரத்துக்கு மேலே உள்ள தகட்டில்) இரண்டு கைகளையும் வைத்துப் பலமாகத் தள்ளுங்கள். பிறகு மறுபக்கம் போய்த் தள்ளுங்கள். முன்னும் பின்னும் தள்ளுங்கள். சஸ்பென்ஷன் கொஞ்சம் அசையும். ஸ்டாண்டின் கால் தரையில் இம்மியும் அசையக் கூடாது. "ஆட்டினால் விழுந்துவிடுமோ" என்று பயந்து மென்மையாகத் தொட்டுவிட்டு உள்ளே போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறும். விழுவதாக இருந்தால் யாரும் அடியில் இல்லாத இந்த நேரத்தில் விழட்டும். ஸ்பானரில் நீங்கள் இழுக்கப்போகிற விசையைவிடக் கூடுதலாக இப்போதே தள்ளிப் பாருங்கள்.

ஆட்டிப் பார்த்த பிறகு, ஜாக்கியை எடுத்துவிடாமல், தூக்கிய இடத்திலேயே லேசாகத் தொடும்படி ஏற்றி விட்டுவிடுங்கள். கழற்றிய சக்கரத்தை, சக்கரம் கழற்றவில்லை என்றால் ஸ்டெப்னியை, நீங்கள் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் விளிம்புக்கு அடியில் படுக்கையாகத் தள்ளி வையுங்கள். எல்லாம் தவறினாலும் கார் அதன்மேல் விழும்; அதன் கனத்துக்கு அடியில் இடம் மிஞ்சும். செலவே இல்லாத இந்த ஒன்றை யாரும் விடக் கூடாது.

அடியில் இருக்கும்போது

வெளியில் உட்கார்ந்தே முடிகிற வேலைக்கு உள்ளே படுக்காதீர்கள். பேட் மாற்றக் காருக்கு அடியில் போகவே தேவையில்லை. உள்ளே போகத்தான் வேண்டும் என்றால், வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அவர் நடுநடுவே குரல் கொடுக்கட்டும். போனைச் சட்டைப் பையில் வையுங்கள், ஸ்கூட்டர் சீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். இறுகிய போல்ட்டை உடம்பையே சாய்த்து இழுக்காமல், விசை மேலும் கீழுமாக வருகிற மாதிரி ஸ்பானரைப் போடுங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது அடியில் போகக் கூடாது. அதிர்வும் இருக்கிறது, புகையில் கார்பன் மோனாக்சைடும் இருக்கிறது. நடுவில் மழை வந்தால், தரை நனையும் முன் வேலையை நிறுத்தி வெளியே வந்துவிடுங்கள்.

நான்கு சக்கரமும் மேலே வேண்டும் என்றால்

தேவைப்படும் வீட்டு வேலைகள் மிகக் குறைவு. இரண்டு சக்கரம் தரையில் கட்டையோடு நிற்பதுதான் காரை நகரவிடாமல் பிடித்திருந்தது; நான்கும் ஏறினால் அந்தப் பிடிப்பு முழுக்கப் போய்விடும். முன்பக்கம் ஸ்டாண்டில் இருக்க, பின்பக்கத்தை ஏற்றுவது உருளும் ஜாக்கி. அது கோணலாக உருண்டால் முன் ஸ்டாண்டையும் இழுத்துக்கொண்டு போகும். மட்டமான சிமென்ட் தரை இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். கியர்பாக்ஸை இறக்குவது, இன்ஜினை எடுப்பது வீட்டில் வேண்டவே வேண்டாம். முன்பக்கத்து எடை இறங்கியதும் காரின் பாரம் பின்னுக்கு மாறி, அதுவரை நன்றாக நின்ற கார் நின்ற இடத்திலேயே கிணற்று ஏற்றம் போல ஒரு பக்கம் தூக்கும்.

சக்கரத்தைக் கழற்றாத வேலை, உதாரணமாக ஆயில் மாற்றுவது என்றால், ஸ்டாண்டைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. 4 அங்குலக் கனமுள்ள மரக்கட்டைகளை இரண்டு நீளவாக்கில், அதன்மேல் இரண்டு குறுக்குவாட்டில் என்று அடுக்கி, மேலே ஒரு பலகை ஆணியடித்து, டயரையே அதன்மேல் இறக்குவது. டயரின் அகலம் முழுக்க மரத்தில் பதிவதால் கார் வழுக்க இடமில்லை. அடுக்கின் உயரம் அதன் அகலத்தைத் தாண்ட வேண்டாம். இரும்பு ரேம்ப் (காரை ஓட்டி ஏற்றும் சாய்தளம்) வாங்கினால், ஏற்றும்போது ஒருவர் வெளியே நின்று சொல்ல வேண்டும். ஏற்றியதும் பின்சக்கரங்களுக்குக் கட்டை.

பொலேரோ, ஸ்கார்பியோ, இன்னோவா கிரிஸ்டா போன்ற, பாடிக்கு அடியில் தனி இரும்புச் சட்டம் உள்ள சேசிஸ் வண்டிகளில் பாடி விளிம்பை விட்டுவிடுங்கள். சேசிஸ் சட்டத்தில் ஸ்டாண்ட் வையுங்கள். சஸ்பென்ஷன் நீளமாகத் தொங்கும் என்பதால் டயர் தரையை விடுவதற்கு நிறையத் தூக்க வேண்டிவரும். பின்பக்கம் ஆக்ஸிலுக்கு அடியில் தூக்கினால் அந்த உயரம் மிச்சம். எடை இரட்டிப்பு என்பதால் ஸ்டாண்டும் அதற்கேற்ப. எலெக்ட்ரிக் கார்களில் அடிப்பாகம் நெடுக பேட்டரி. கம்பெனி குறித்த புள்ளியைத் தவிர வேறெங்கும் ஜாக்கியின் தலை படக் கூடாது.

சரியத் தொடங்கினால்

கையால் பிடிக்கப் போகாதீர்கள். விட்டுவிட்டு விலகுங்கள். யாராவது சிக்கிக்கொண்டால் ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். இன்னொருவர் ஜாக்கியை அருகில் உள்ள கனமான இடத்தில் வைத்துத் தூக்கட்டும். அக்கம்பக்கத்தினர் சேர்ந்து கையால் தூக்கினாலும், தூக்கத் தூக்க ஒருவர் ஸ்டெப்னியையோ மரக்கட்டையையோ உள்ளே தள்ளிக்கொண்டே வர வேண்டும். எடை விலகாமல் ஆளைப் பிடித்து இழுக்காதீர்கள். எத்தனை மணிக்குச் சிக்கினார் என்று குறித்துக்கொண்டு ஆம்புலன்ஸில் வருபவர்களிடம் சொல்லுங்கள்; நசுங்கியிருந்த நேரத்தைப் பொறுத்து சிகிச்சை மாறும்.

இறக்குவது

வேலை முடிந்த சந்தோஷத்தில் அவசரப்படும் இடம் இது. முதலில் குனிந்து பாருங்கள்: ஸ்பானர், ஆயில் டிரே, நிழலுக்குப் படுத்த பூனை, எதுவும் அடியில் இருக்கக் கூடாது. சக்கரத்தை மாட்டி நட்டுகளைக் கையால் இறுக்குங்கள். ஸ்டெப்னியை வெளியே இழுங்கள். ஜாக்கியால் காரை அரை அங்குலம் ஏற்றி, எடை முழுக்க விலகிய பிறகே ஸ்டாண்டின் கைப்பிடியைத் தொடுங்கள். எடையோடு இருக்கும் கைப்பிடி அசையவில்லை என்று சுத்தியலால் தட்டுவதும் காலால் உதைப்பதும் கூடாது. அசையாமல் இருப்பதுதான் அதன் வேலை.

வால்வைத் துளித் துளியாகத் திறங்கள். இறங்கும்போது ஜாக்கி வெளிப்பக்கமாக உருண்டு வரும்; அதற்கு இடம் விட்டு நில்லுங்கள். நான்கு டயரும் தரையில் பதிந்ததும் நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். சக்கரக் கட்டைகளை எல்லாவற்றுக்கும் கடைசியாக எடுங்கள். பிரேக் வேலை பார்த்திருந்தால், காரை நகர்த்துவதற்கு முன் பெடல் கெட்டியாகும்வரை அழுத்தி அழுத்தி விடுங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள். ஜாக்கியை முழுக்க இறக்கிய நிலையில், ஸ்டாண்டுகளின் பல்லைத் துணியால் துடைத்து, மழைச் சாரல் படாத மூலையில் வையுங்கள்.